இடது காதில் ஒரு தட்டல்

கடையைத் திறந்து வெகுநேரமாகியும் ரஞ்சிதம் ரிசீவரை வலது காதிலேயே வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்ரீராம்புரத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்த நாள் முதல் இடது காதுதான் பழக்கம். வலது கை பில் எழுத வேண்டுமே.

"இன்னாக்கா, காது மாத்திட்டியா?" சைக்கிளை நிறுத்திய லைன்மேன் யூஜின் கேட்டான். "அந்தக் காதுல இப்ப எவனும் தட்டலியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. போன வருஷம் முழுக்க அவனைப் படுத்தி எடுத்திருந்தாள், லைனில் யாரோ டப் டப் என்று தட்டுகிறார்கள் என்று. ரிசீவரை மாற்றினான், ஒயரை மாற்றினான், கம்பத்தில் ஏறி இறங்கினான். தனக்கு எதுவும் கேட்கவில்லை என்றபோது, "காது கேக்காதவனெல்லாம் லைன்மேன்!" என்று கத்தினாள்.

பிறகு இடது கடைவாய்ப்பல் ஆடத் தொடங்கியது. பிடுங்கிவிடலாம் என்றுதான் போனாள். எக்ஸ்ரேவைப் பார்த்த பல் டாக்டரம்மா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு ஊசியால் குத்திப் பார்த்தாள். இழுக்காமலே ஊசிக்குள் ரத்தம் ஏறியது. தாடையெலும்புக்குள் ரத்தக்குழாய்கள் பின்னிப் பின்னி வளர்ந்திருந்தன. புற்று இல்லை, அபூர்வம். ஆனால் பல்லைப் பிடுங்கியிருந்தால் ரத்தத்தை நிறுத்தியிருக்க முடியாது.

"அத்தினி வருசம் கோலார்ல தங்கச் சுரங்கம் எறங்கனேன். இப்டிப் பின்னிக்கினு ஓடற ஓட்டம் எந்தப் பாறையிலயும் பாக்கல" என்றார் புருஷன் ஜெயவேலு. ஆஸ்பத்திரியில் தொடை வழியாகக் குழாய் விட்டு ரத்த ஓட்டத்தை அடைத்து, எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். கன்னம் லேசாக உள்வாங்கிவிட்டது. ஜெயவேலு அதைக் கன்னக்குழி என்கிறார். சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. வேறென்ன வேண்டும்?

நோய் திரும்ப வரலாம், அவ்வப்போது வந்து காட்டுங்கள் என்றிருந்தார்கள். அவ்வளவுதான் பாக்கி. தன் ரத்தத்தின் சத்தத்தையே எவனோ தட்டுகிறான் என்று ஒரு வருஷம் சண்டை போட்டதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. அது தன்னுடையது என்று தெரிந்த பின்னோ இடது காதில் வைத்துக் கேட்கவே பயம்.

"வெச்சுதான் பாரேன்க்கா."

ரிசீவரை இடது கன்னத்தோடு சேர்த்து அழுத்தி, கண்ணை மூடினாள். டயல் டோன். அறுபடாத ஒரே ரீங்காரம்.

"இன்னா கேக்குது?"

"சும்மா இர்றா."

டப் டப்.

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி காசால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். ரஞ்சிதம் சிரித்தபடி, கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினாள். ரிசீவர் இடது காதிலேயே இருந்தது.