ராக்கன் போட்ட கூச்சல்

ஆலங்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர் மாதா கோயிலில் இருந்த சாமியாருக்குக் காது கேட்காது. கேட்காது என்றால் சாதாரணமாக இல்லை, கோயில் மணியை அவர் தலைக்கு மேலேயே வைத்து அடித்தாலும், "மணி இன்னும் அடிக்கலையா?" என்பார். ஆகவே பாவசங்கீர்த்தனம் செய்ய மரக்கூண்டின் முன்னால் மண்டியிடுகிறவர்கள், ஆலங்குடிச் சந்தை வரைக்கும் எட்டுகிற குரலில் தங்கள் பாவத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

மானத்தைக் காப்பாற்ற ஊரார் ஒரு வழி கண்டார்கள். ஒருவர் மண்டியிட்டதும், வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் மாதாவை வேண்டும் பிரியதத்த மந்திரத்தைத் தொண்டை கிழியச் செபிப்பார்கள். எது பாவம், எது மந்திரம் என்று வானத்துச் சம்மனசுகளுக்கே பிரித்தறிய முடியாது. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரம் வந்தால் கூரைப் புறாக்கள் புதுக்கோட்டைக்குக் குடிபோய்விடும்.

யுத்த காலத்தில் ஒரு பெரிய வாரம். அந்த வரிசையில் ராக்கன் வந்து நின்றான். மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊர் இருண்டு கிடந்த அந்தக் காலம்தான் அவனுக்கு நல்ல மகசூல். அவன் தென்னையில் ஏறினால் அணில்கள் ஒதுங்கி வழிவிடும். திருடுவது அவன்தான் என்று எல்லாருக்கும் தெரியும்; கண்ணால் பார்த்தவர் எவருமில்லை.

ஆனால் அதற்கு முந்தின வாரம் ஞானமணி தோப்பில் மட்டை பிய்ந்து, ஒற்றைக் கையில் தொங்கித் தப்பியிருந்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சர்வேசுரன் தன்னைப் பார்த்துவிட்டார், ஆக்கினை வரப்போகிறது என்ற நடுக்கம்.

அவனுக்கு நேர் பின்னால் நின்றவர் அதே தோப்புக்காரர் ஞானமணி. ராக்கன் மண்டியிடப் போனதும் கையை உயர்த்தினார்.

"எவனும் வாயத் தொறக்கக் கூடாது. எத்தன மரம்னு இன்னைக்குக் கேட்டுருவோம்."

"வேணாங்க, நாமளும் அடுத்து மண்டி போடணும்ல," என்றாள் சந்தனமேரி.

"நீ சும்மா இரு ஆத்தா."

மந்திரம் எழவில்லை. கோயிலில் எறும்பு நடந்தாலும் கேட்டிருக்கும். ராக்கனுக்குப் புரிந்துவிட்டது. வரிசையைத் திரும்பிப் பார்த்தான். எழுந்து ஓடியிருக்கலாம், அதில் அவன் கெட்டிக்காரன். ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கத்தினான். ஞானமணி தோப்பு, சந்தனமேரி வீட்டுச் சேவல், மாதா கோயில் தென்னை, ஒன்று விடவில்லை.

"மட்டை பிஞ்சுருச்சு சாமி! சர்வேசுரன் கண்ணுல பட்டுட்டேன்! இனிமே தப்பிக்க முடியாது!"

தமக்குக் கேட்காததால் பிறருக்கும் கேட்காது என்று நினைக்கிற சாமியார் பதிலுக்குக் கத்தினார்:

"அட மகனே! அவரு இன்னைக்குத்தானா பாத்தாரு? நீ ஏறுன ஒவ்வொரு மரத்துக்குக் கீழயும் கைய ஏந்திக்கிட்டுல்ல நின்னாரு, எம்புள்ள விழுந்துறக் கூடாதேன்னு!"

ராக்கன் அழுதான். ஒரு குறுக்கம் கடலைக்கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கலாம், அவ்வளவு கண்ணீர். இருட்டில் தன்னைப் பிடிக்கத்தான் ஆள் நிற்கும் என்று இருந்தவன் அவன். தாங்குவதற்கு ஒருவர் நின்றார் என்று அன்றுதான் கேள்விப்பட்டான். சந்தனமேரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சேவலை மறந்தே போனாள்.

அடுத்து ஞானமணி. வரிசை இன்னும் வாயடைத்து நின்றது. சிலர் வேண்டுமென்றேதான் நின்றார்கள். அவர் மண்டியிட்டார்.

"சாமி... எந்தம்பி பாகத்த..." என்று தொடங்கியதும் குரல் உடைந்தது.

அப்போது தூணோரம் முழங்காலில் விழுந்தான் ராக்கன். பிரியதத்த மந்திரத்தில் அவனுக்கு முதல் வரிதான் தெரியும். அதையே திரும்பத் திரும்ப, கறம்பக்குடி மாடுகள் கயிற்றை அறுக்கும்படி கத்தினான். சந்தனமேரி சேர்ந்துகொண்டாள். பிறகு வரிசை முழுவதும். ஞானமணியின் பாவம் அதில் முழுகிப் போயிற்று.

வெகுநேரம் கழித்து வியர்வையோடு எழுந்து வந்தார்.

"ஏண்டா ராக்கா, ஒனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

"எங்கிட்டுங்க கேக்குறது? நாந்தான் கத்திக்கிட்டே இருந்தேனே."

ஞானமணி அவன் பக்கத்தில் மண்டியிட்டார். இப்போது சந்தனமேரியின் முறை. இரண்டு பேரும் ஒன்றாகத் தொண்டையைத் திறந்தார்கள்.