துடுப்பில் கை வைக்காத யுத்தம்

எங்கள் குப்பத்துத் தலைவர் வேதநாயகம் மூர் மார்க்கெட்டிலிருந்து பழைய பட்டாளத்துக் கோட்டு ஒன்றை வாங்கி வந்த அன்றே இது நல்லதுக்கில்லை என்று எனக்குப் பட்டது. தை மாதமே ஆனாலும் சாந்தோம் கடற்கரையில் கம்பளிக் கோட்டா? அப்படியொரு உடுப்பை வாங்கியவன் அடுத்தபடியாக அதற்கேற்ற சண்டையைத் தேடாமல் இருக்க மாட்டான்.

சண்டையும் கிடைத்தது. வடக்குக் குப்பத்துக்காரர்களின் கரைவலைக் கயிறு எங்கள் எல்லைக் கல்லைத் தாண்டிப் பதினைந்து முழம் வந்துவிட்டதாம். நீரோட்டம் இழுத்தால் கயிறு வரத்தான் செய்யும். ஆனால் தலைவருக்கு அது படையெடுப்பு. "கட்டுமரத்தை இறக்குங்கடா" என்றார்.

நினைத்தவுடன் இறக்கிவிட முடியாது. அடுத்த குப்பத்தோடு சண்டை என்றால் பஞ்சாயத்தார் ஐந்து பேரும் மணலில் உட்கார்ந்து, நடுவில் கிடத்திய துடுப்பின் மேல் கை வைக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் சண்டை கிடையாது. எங்கள் முப்பாட்டன் காலத்து ஏற்பாடு அது. அந்த ஐந்து பேரில் தேசப்பனாகிய நானும் ஒருவன்.

எனக்கு ஒரு மகள், லூர்தம்மா. அவளை வடக்குக் குப்பத்துத் தலைவர் லூர்துசாமியின் மகன் சூசைக்குப் பேசி முடித்திருந்தோம். கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு. இப்போது தட்டிப்போனால் கல்யாணம் கூடாத நாற்பது நாள் தவசுக்காலம் வந்துவிடும், ஈஸ்டர் வரைக்கும் தாலி இல்லை. அடிதடி நடந்துவிட்டாலோ எந்த ஈஸ்டருக்கும் இல்லை.

"துடுப்புல கை வெச்சியானா, அந்தக் கைக்குச் சோறு கெடையாது" என்று என் மனைவி முத்தம்மா மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

நான் வைக்கவில்லை. என்னைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கையை மடியில் கட்டிக்கொண்டார்கள். வேதநாயகத்தின் மூக்கு சிவந்தது. லஸ் பக்கம் முடிவெட்டும் கடையில் யாரோ பத்திரிகை படிக்கக் கேட்டுவிட்டு வந்திருந்தார் போல.

"டில்லில பெரிய லாட்டு, அந்த வைஸ்ராய் தொரை, சபையைக் கேட்டுக்கினா சட்டம் போட்றாரு? ஆர்டினன்ஸு! ஒரே கையெழுத்து, காரியம் முடிஞ்சுது. நான் மட்டும் அஞ்சு பேருகிட்ட பல்லைக் காட்டிக்கினு நிக்கணுமா?"

"போன வாரம் அதே லாட்டைத்தானே திட்டிக்கினு இருந்தே?" என்றேன்.

"திட்டுனேன். ஆனா யோசனை நல்லாத்தான் கீது."

எங்கள் கட்டுப்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. கடலில் ஒருவன் உயிருக்கு ஆபத்து என்றால் தலைவர் யாரையும் கேட்க வேண்டாம். கரையில் நிற்கும் கம்பத்தில் செந்துணியை ஏற்றலாம். ஏறிவிட்டால் எல்லாக் கட்டுமரமும் அந்த நிமிஷமே இறங்க வேண்டும். இறங்காதவனுக்கு அந்த வருஷம் கடல் கிடையாது. பொய்யாக ஏற்றிய தலைவருக்கோ தலைவர் பதவி கிடையாது. ஆனால் அப்படி எவனும் ஏற்றியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வலையை உதறிக்கொண்டிருந்தேன். செந்துணி ஏறியது. பதறிப்போய்த் துடுப்போடு ஓடினேன். கம்பத்தடியில் வேதநாயகம் கோட்டுப் பித்தானையெல்லாம் கழுத்து வரை பூட்டிக்கொண்டு, கையில் தடியோடு நின்றார்.

"ஆளுக்கு ஒரு தடி எடுங்கடா. வடக்குக் குப்பத்தை ஒரு கை பார்த்துட்டு வந்துடலாம்."

"துணி ஏறினா உயிருக்கு ஆபத்து தலைவரே. யாரு உயிருக்கு?"

"ஆபத்து வரப் போவுது. வந்தப்புறம் ஏத்தி இன்னா பிரயோசனம்? நான் முன்கூட்டியே ஏத்திக்கீறேன்."

துணி ஏறிவிட்டதே, இறங்காவிட்டால் அந்த வருஷம் கடல் கிடையாது. இருபது மரம் இறங்கியது. என்னை நம்பாமல் என் மரத்திலேயே ஏறிக்கொண்டார். துடுப்பு போடுகிற ஒவ்வொரு போட்டிலும் மகளின் முகம்தான் வந்து நின்றது. அவள் அன்று காலை கூறைப்புடவையை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவசரத்தில் தலைவர் ஒன்றை மறந்துவிட்டார். நாங்களும்தான். செந்துணி எங்கள் குப்பத்துக்கு மட்டும் பேசுகிற துணி இல்லை. இந்தக் கரை நெடுக அதற்கு ஒரே அர்த்தம்தான். கண்ணில் பட்டால், பகையாளியின் துணியானாலும், போட்டது போட்டபடி ஓடிவர வேண்டும்.

பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். வடக்கேயிருந்து முப்பது கட்டுமரம் பறந்து வந்தது. கயிறு, மிதவைக் கட்டை, கஞ்சிப் பானை, எல்லாம் எடுத்து வந்திருந்தார்கள். முதல் மரத்தில் லூர்துசாமியும் சூசையும். அந்தப் பையன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதிக்கத் தயாராக நின்றான்.

"யாருப்பா? எந்தப் பக்கம் முழுவினாங்க?" என்று லூர்துசாமி தொண்டை கிழியக் கத்தினார். "துணியைப் பாத்ததும் இழுத்துக்கினு இருந்த வலையை அப்படியே வுட்டுட்டு வந்துட்டோம். நிறைய மீனு. போவட்டும், உயிர் பெரிசு."

எங்கள் ஆட்கள் தடிகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள்.

"தடியெல்லாம் எதுக்கு?" என்று சூசை கேட்டான்.

"சுறா" என்றான் பின்னால் ஒரு புண்ணியவான்.

"சரி, முழுவுனது யாரு?"

வேதநாயகத்தைப் பார்த்தேன். கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். இவர் உண்மையைச் சொன்னால் பதவி போகும். அது போய்த் தொலையட்டும். ஆனால் மீன் நிறைந்த வலையை விட்டு ஓடிவந்த மனிதன், நாங்கள் அவர் மண்டையை உடைக்க வந்தோம் என்று தெரிந்த பிறகு என் வீட்டில் சம்பந்தம் செய்வாரா?

ஐந்து பேரைக் கூட்ட அங்கே மணலும் இல்லை, நேரமும் இல்லை. தலைவர் தோளில் கை வைத்தேன். தள்ளினேன்.

எங்கள் தலைவர் நன்றாக நீந்துவார். கோட்டுக்குத்தான் நீந்தத் தெரியவில்லை. கம்பளி தண்ணீரைக் குடித்துக்கொண்டு கல்லாகக் கீழே போனது, கழுத்து வரை பித்தான் பூட்டிய ஆளோடு. விளையாட்டு வினையாகிவிட்டதே! "தலைவரு! தலைவரு முழுவுறாரு!" என்று கத்தினேன். அந்தக் கத்தலில் பொய்யே இல்லை.

சூசை குதித்தான். மூன்றாவது முழுக்கில் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்து வந்தான். லூர்துசாமி தன் மடியில் அவரைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டி, கஞ்சி கொடுத்து, "இந்த வயசுல கடலுக்கு வரலாமா நைனா?" என்று கண் கலங்கினார்.

சாயங்காலம் மணலில் பஞ்சாயத்து கூடியது. வேதநாயகம் போர்வைக்குள்ளிருந்து பிராது கொடுத்தார்.

"துடுப்புல அஞ்சு பேர் கை வெக்காம, இவன் எப்படி என் மேல கை வெக்கலாம்?"

"உயிருக்கு ஆபத்து தலைவரே. கேக்க நேரமில்ல."

"எந்த உயிருக்குடா ஆபத்து? நான் மரத்துமேல சும்மாத்தானே நின்னுக்கினு இருந்தேன்!"

"அப்போ துணியை எதுக்கு ஏத்துனே?"

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். நானே தொடர்ந்தேன். "நீ ஏத்துன துணி பொய்யினா, பதவி போவும். மெய்யினா, அதை மெய்யாக்குனவன் நான். எது வேணும், நீயே சொல்லு."

பிராதை வாபஸ் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து செந்துணி எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. பெட்டிச் சாவி முத்தம்மாவின் இடுப்பில். என்ன ஆபத்து, யாருக்கு, எங்கே என்று அவள் மூன்று கேள்வி கேட்ட பிறகுதான் பெட்டி திறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்தார். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்" என்றார். கோயிலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி வேதநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். கடலில் முங்கி எழுந்த நாளிலிருந்து அவருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

பிறகு தலைவர் சாமியாரைப் பார்க்காமல், எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, "நான் ஒண்ணும் சொல்லல, வெறுமனே தும்மிக்கட்டுமா?" என்று கேட்டார்.

ஐவரும் தலையாட்டினோம். தும்மினார்.