அடுப்பின் நாலாவது குமிழ்

அடுப்பின் நாலு குமிழ்களில் மூன்று கையோடு வந்துவிட்டன. நாலாவது மட்டும் நாற்பத்தெட்டு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு வருவேனா என்றது. வெர்லின் வெண்ணெய்க் கத்தியை அதன் அடியில் செருகி நெம்பிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு ட்வைலா ஒரு கிண்ணம் பீச் பழத்தோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். பழம் கொடுக்கத்தான் வந்தாள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். அவள் வீட்டு ஜன்னலிலிருந்து வெர்லினின் கராஜ் முக்கால்வாசி தெரியும். மீதிக் கால்வாசிக்காக வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு பழம் பழுத்துவிடும்.

"ஏன் வெர்லின், போன வாரம் நாற்காலி, இந்த வாரம் அடுப்பா? வர்ற வாரம் நான் என் கதவைப் பூட்டி வச்சுக்கணும் போலிருக்கே."

"உன் வீட்டுல எனக்கு வேண்டிய சாமான் ஒண்ணும் இல்ல, ட்வைலா."

"என் மூணு புருஷனும் இதையேதான் சொல்லிட்டுப் போனானுங்க" என்றபடி கிண்ணத்தை வைக்க இடம் தேடினாள். மேஜை இருந்த இடத்தில் மேஜை இல்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது: வெர்லின் இனி இடுக்கியை வைத்துத்தான் அடுப்பைத் திருகிக் காப்பி போடப்போகிறான்.

எண்ணெய்க் கிணற்று ஊரான ஆயில்டேலில் ஒருவன் தன் வீட்டைப் பிரித்து வண்டியில் மாட்டுவது பைத்தியக்காரத்தனம் இல்லை. இங்கே வீட்டுக்கு வீடு கராஜில் ஒரு பழைய ஃபோர்டு கூரையும் மட்கார்டும் இல்லாமல், தன் உடம்புக்கு இரண்டு மடங்கு பெரிய எஞ்சினைச் சுமந்துகொண்டு, பாதி கட்டியபடி நிற்கும்; ஹாட் ராட் என்று பேர். கடையில் வாங்கிய பாகத்தைப் போட்டு ஹாட் ராட் கட்டுகிறவனுக்கு இந்த ஊரில் மரியாதை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் மரச்சாமான் கடையின் காலி மைதானத்தில் வண்டிகளை நிறுத்துவார்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்தவன் வண்டியைத் தொடாமல் குனிந்து பார்த்து, "இது எதுலேர்ந்து?" என்று கேட்பதுதான் முறை. சொந்தக்காரன் உடனே சொல்லிவிடக் கூடாது. கேட்டவன் மூன்று தடவை தப்பாகச் சொல்ல வேண்டும். இடித்துத் தள்ளிய ஒரு தேவாலயத்தின் ஆர்கன் குழாய்களைப் புகைபோக்கியாக்கிய ஆர்லிஸ், அந்த ஒரு பதிலை வைத்தே பதினோரு வருஷம் ஓட்டினான். அவன் வண்டி ஓடியதோ இல்லையோ, பதில் ஓடியது.

வெர்லினின் வண்டி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷத்து ஃபோர்டின் உடம்பு. முன்மூக்கு, பருத்தி வயலில் செத்துக் கிடந்த டிராக்டருடையது. பெட்ரோல் தொட்டி ஒரு பீர் பீப்பாய். முப்பது வருஷம் பகலும் இரவுமாய் வெல்டிங் வேலை பார்த்த எண்ணெய்க் கிணற்றிலிருந்து ஒரு அழுத்தமானியைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து எஞ்சினுக்கு வைத்திருந்தான். இதெல்லாம் அவன் மனைவி ஓலீட்டாவுக்குப் புத்தி தடுமாறுவதற்கு முன்னால். அவள் மளிகைக்குப் போய்விட்டு வேறு தெருவில், வேறு யார் வீட்டுக் கதவிலோ சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு அழுத நாளிலிருந்து வண்டி அப்படியே நின்றுவிட்டது. ஒரு வருஷம் அவனே பார்த்துக்கொண்டான். அப்புறம் அவளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் விட வேண்டியதாயிற்று.

அங்கே ஒரு நர்ஸ், நல்ல பெண், சும்மா ஒரு ஆறுதலுக்குச் சொன்னாள்: "அவங்க கைக்குப் பழகின சாமான் ஏதாவது கொண்டாங்க. மனசு மறந்தாலும் கை மறக்காது."

வேறு புருஷனாயிருந்தால் ஒரு போர்வையையோ கல்யாண போட்டோவையோ எடுத்துப் போயிருப்பான். வெர்லின் வீட்டுக்கு வந்து சமையலறை நடுவில் நின்று, காயலான் கடையில் நிற்பவனைப் போல ஒருமுறை சுற்றிப் பார்த்தான். ஓலீட்டாவைக் கல்யாணத்துக்குக் கேட்டது ஒரு ஹாட் ராடில் வைத்துத்தான். மகள் ரினே பிறந்த வருஷம் அந்த வண்டியை விற்றுத்தான் இந்த அடுப்பு வந்தது. வண்டியிலிருந்து அடுப்பு வருமானால், அடுப்பிலிருந்து வண்டி வராதா? அவன் கணக்கு அப்படி. அவளுக்குப் பழகியதையெல்லாம் ஒரே இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் சேர்த்துவிட்டால், அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, கடைசியில் பக்கத்தில் இருப்பவனையும் எங்கிருந்து என்று கண்டுபிடித்துவிடுவாள்.

எட்டு மாதம். ஓலீட்டாவின் தையல் இயந்திரத்தின் கால்மிதி ஆக்சிலரேட்டராயிற்று. மாக்கரோனி வடிக்கும் சல்லடை எஞ்சின் தலையில் கவிழ்ந்தது. சாப்பாட்டு நாற்காலிகளின் சிவப்பு ரெக்ஸின் இருக்கைக்கும், அவற்றின் பளபளக்கும் கால்கள் முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் போயின. ரொட்டித் தட்டில் பேட்டரி உட்கார்ந்தது. படுக்கையறைக் கதவின் வெள்ளைப் பீங்கான் பிடி கியர் தலையில் ஏறியது. செம்பு ஜெல்லி அச்சுகள் நாலும் சக்கர மூடிகள். கடைசியாக அடுப்பின் குமிழ்கள் டாஷ்போர்டில் வரிசையாக. முதலாவது விளக்குக்கு, இரண்டாவது விசிறிக்கு, மூன்றாவது ஸ்டார்ட்டருக்கு, நாலாவது எஞ்சினுக்கு உயிர் கொடுக்கும் மின்சாரத்துக்கு. இத்தனை வருஷம் இரவு படுக்கப்போகும் முன், இடமிருந்து வலமாக அந்த நாலையும் தொட்டுத் திருகிப் பார்க்காமல் ஓலீட்டா விளக்கை அணைத்ததில்லை. "எத்தனை தடவைடி பார்ப்ப?" என்று அவன் படுக்கையிலிருந்து கத்துவான். அது அவனுக்கு ஞாபகம் இருந்தது. அதனால்தான் குமிழ்களையே தேர்ந்தெடுத்தான். மைதானத்துக்கு அவன் ஒரு ஞாயிறும் வண்டியைக் கொண்டுபோகவில்லை. இந்த வண்டியைப் பற்றிக் கேட்கவும் பதில் சொல்லவும் உலகத்தில் ஒருத்திக்குத்தான் யோக்கியதை என்பது அவன் முடிவு.

செப்டம்பரில் ரினே பாய்சியிலிருந்து வந்தாள். காரில் பன்னிரண்டு மணி நேரம். தன் ஊரில் ஒரு நல்ல இல்லம் பார்த்துவிட்டாள். பூட்டிய கதவு, நாள் முழுக்க ஆள். ஞாயிறு ஒரு பகல் அம்மாவை வீட்டில் வைத்துப் பார்ப்போம், அவள் இங்கே நிம்மதியாக இருந்தால் வாராவாரம் இப்படியே வரட்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை அழைத்துப் போய்விடுகிறேன் என்றாள். வெர்லின் சரி என்றான். முகம் மழித்து, கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டான். ட்வைலா காலையிலேயே ஜன்னல் ஓரத்துக்கு நாற்காலியை இழுத்துவிட்டாள்.

ஓலீட்டா காரிலிருந்து இறங்கியபோது நன்றாகத்தான் இருந்தாள். ரோஜாச் செடியைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று சொன்னாள். வெர்லின் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தான். நேராகச் சமையலறைக்குப் போனாள், அவன் நினைத்தபடியே. இழுப்பறையைத் திறக்கக் கையை நீட்டினாள். பிடி இல்லை. உட்காரத் திரும்பினாள். நாற்காலி இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அடுப்புக்குப் போனாள். குமிழ் இருந்த நாலு இடத்திலும் நாலு இரும்புக் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள்.

"திருடன் பூந்துட்டான்" என்றாள் மெதுவாக. பிறகு சத்தமாக, "எல்லாத்தையும் வாரிட்டுப் போயிட்டான்! யாராவது போலீசைக் கூப்பிடுங்களேன்!"

ரினே அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, என்ன பண்ணி வச்சிருக்க நீ? அவளுக்குத் தெரிஞ்சது இந்த ஒரு அறைதான்."

"கராஜுல இருக்கு. எல்லாம் கராஜுல பத்திரமா இருக்கு" என்றான் வெர்லின். அந்த நிமிஷம்வரை அவனுக்கு அது உறைக்கவில்லை என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் வண்டி கட்டுகிறவன் ஒரு பாகத்தை எடுக்கும்போது, அது போய்ச் சேரப்போகும் இடத்தைத்தான் பார்ப்பான். எடுத்த இடத்தில் விழுந்த பள்ளத்தைப் பார்த்தவன் எவனும் இந்த ஊரில் இல்லை.

வண்டியில் ஏற அவள் மறுக்கவில்லை. யார் சொன்னாலும் ஏறுகிற நிலைமைக்கு வந்திருந்தாள். சிவப்பு இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் போகிறவளைப் போல உட்கார்ந்தாள். வெர்லின் அவளுக்காகச் சல்லடையைத் தட்டிக் காட்டினான்.

"இது எதுலேர்ந்து, சொல்லு பார்ப்போம்."

அவள் மரியாதையாகச் சிரித்தாள். "எனக்கு வண்டியைப் பத்தியெல்லாம் தெரியாதுங்க. என் வீட்டுக்காரருக்குத் தெரியும்."

"இது? இந்த வெள்ளைப் பிடி?"

"நல்லாருக்குங்க."

ஐம்பது வருஷம் அவனை வாடா போடா என்று பேசியவள். அவன் நாலாவது குமிழைத் திருகி, மூன்றாவதைத் திருகினான். எஞ்சின் தெரு அதிர முழங்கியது. ட்வைலாவின் திரை ஒருமுறை ஆடியது. தையல் மிதியை அழுத்தி, ஆற்றுப் பாலம் தாண்டி, எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே போகும் சாலையில் விட்டான். வெயில் மண்டையைப் பிளந்தது. சாலையின் இரண்டு பக்கமும் எண்ணெய் இறைக்கும் பம்புகள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. ரினே தன் காரில் பின்னாலேயே வந்தாள். காற்று ஓலீட்டாவின் நரைமுடியைக் கலைத்தது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். அந்த ஒரு மைல் தூரம் எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது.

அப்போது அவள் டாஷ்போர்டைப் பார்த்தாள். முகம் மாறியது. கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு முன்னால் நகர்ந்தாள். முதல் குமிழைத் தொட்டுத் திருகினாள். இரண்டாவது. மூன்றாவது. அந்தக் கை துளியும் தடுமாறவில்லை. வெர்லின் அதையே பார்த்தான். "தெரியுதா?" என்றான். "ஓலீட்டா, எதுலேர்ந்துன்னு தெரியுதா?" அவள் நாலாவதைத் திருகினாள். எஞ்சின் நின்றது. வண்டி தன் பாரத்திலேயே கொஞ்ச தூரம் உருண்டு, நடுச்சாலையில் ஓய்ந்தது.

"கேஸ் திறந்திருந்துச்சு" என்றாள், நல்லவேளை என்ற குரலில்.

அவன் மறுபடி கிளப்பினான். இருபது அடி போயிருக்கும். அவள் மறுபடி இடமிருந்து வலமாக வந்தாள். நின்றது. மூன்றாம் தடவை அவன் கை குமிழுக்குப் போனபோது, ஓலீட்டா அதைப் பட்டென்று தட்டிவிட்டாள். தட்டிய விரல்களில் பழைய வலு இருந்தது.

"என்னங்க நீங்க, சொன்னாக் கேக்க மாட்டீங்களா? உள்ள அவரு தூங்குறாரு. நைட் ஷிப்ட் முடிச்சு இப்பத்தான் படுத்தாரு. வீடு பத்திக்கிட்டா என்ன பண்றது?"

டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு கம்பியை இழுத்து இன்னொன்றோடு முறுக்கிவிட்டால் குமிழ் இல்லாமலே வண்டி ஓடும். இரண்டு நிமிஷ வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வான். வெர்லினின் கை முழங்காலிலேயே இருந்தது. பின்னால் ரினேவின் கார் மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"சரிங்க" என்றான் வெர்லின்.

"மெதுவாப் பேசுங்க."

"சரிங்க" என்றான், இன்னும் மெதுவாக.

நாலு குமிழ்களின் கோடுகளும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. ஓலீட்டா நாலாவதன் மேல் உள்ளங்கையை மூடி வைத்துக்கொண்டு, பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் காது கொடுப்பவளைப் போலத் தலையைச் சாய்த்திருந்தாள். கவிழ்ந்த சல்லடைக்குக் கீழே எஞ்சின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.