செங்கோடன் டேபிள்

ஏழாம் அறைக்கு முன்பதிவு செய்த புதுமணத் தம்பதிக்கு, "உங்கள் நாட்டுக்கோழிக் குழம்பு அடுப்பில் இருக்கிறது" என்று செல்போனில் தகவல் போயிருந்தது. குழம்பு கேட்டவருக்கோ ஏழாம் அறை ஒதுக்கியாகிவிட்டது. ஏற்காட்டு லாட்ஜின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ள ஷெர்லின் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து முப்பது பேர் பஸ்ஸில் வருகிறார்கள். அதற்குள் சரியாகாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று முதலாளி வேடியப்பன் சொல்லிவிட்டார்.

தகவல்களைச் சேர்த்துவைக்கும் டேபிள்களைத் திறந்து பார்த்தாள். அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த ஜாபெஸ், வேலை பார்ப்பவர்களின் பெயரையே அவற்றுக்கு வைத்திருந்தான். அறைகளைக் கூட்டுபவள் குப்பாயி. எனவே அறைகளின் டேபிள் 'குப்பாயி'. முன்பதிவு எழுதியவர் செங்கோடன், அது 'செங்கோடன்'. போன மாதம் செங்கோடன் சமையற்கட்டுக்கு மாறினார். ஜாபெஸும் சாப்பாட்டு ஆர்டர்களை அதே டேபிளில் கொட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

"ஆளுங்க மாறுவாங்க, பொருள் மாறாதுங்க. 'அறைகள்', 'முன்பதிவுகள்', 'ஆர்டர்கள்'னு வெச்சுடறேனுங்க" என்றாள் ஷெர்லின்.

"அதெப்புடி கண்ணு? தம்பேரு கம்ப்யூட்டருக்குள்ள இருக்குதுன்னு குப்பாயி அவ ஊரு செம்மநத்தம் பூராவும் சொல்லி வெச்சிருக்கா. எடுத்தீன்னா நாளைக்கு வெளக்குமாத்தத் தொடமாட்டா. பாதிக்குப் பாதி மாத்திக்க" என்றார் வேடியப்பன்.

மிளகு மூட்டையைப் பேரம் பேசியே விற்ற மனுஷர். ஷெர்லின் மட்டும் என்ன சளைத்தவளா, பஜாரில் பழக்கடைக்காரர் மகள்.

"பாதியும் வேண்டாங்க. எல்லாத்தையும் பழையபடியே உட்டுடறேன். புதுசா ஒரு டேபிள் வேணும், அதுக்கு மட்டும் உங்க பேருங்க."

வேடியப்பன் மீசையை நீவினார். "வெய்யி சாமி! என்ன டேபிளு?"

"புகாருங்க. கேக்குற ஆளு நீங்கதானுங்களே. 'வேடியப்பன்ல இன்னிக்குப் பதினாலு: சுடுதண்ணி வரலை, கட்டில்ல மூட்டைப்பூச்சி'ன்னு வருமுங்க."

சமையற்கட்டு வாசலில் செங்கோடன் கரண்டியோடு நின்றிருந்தார். "நொம்பப் பொருத்தமுங்க முதலாளி!"

"நீ போய் கொழம்பப் பாருய்யா" என்ற வேடியப்பன் ஷெர்லின் பக்கம் திரும்பினார். "பொருள் பேரே இருக்கட்டும் கண்ணு. எல்லாத்துக்கும்."

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேருக்கும் அறை கிடைத்தது. குழம்பு, கேட்டவர்களுக்கே போனது. சாயங்காலம் குப்பாயி விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"ஏனுங்கம்மிணி, எம்பேரத் தூக்கிட்டீங்களாமா?"

ஷெர்லின் 'பணியாளர்கள்' டேபிளைத் திறந்து காட்டினாள். முதல் வரிசையில் குப்பாயி, இரண்டாவதில் செங்கோடன்.

குப்பாயி திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு சமையற்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"செங்கோடண்ணா, இங்க வாங்க. நீங்க எனக்குக் கீழதான் இருக்கறீங்க!"