வந்து பாரேன்

சாக்கடைச் சல்லடையை வெறுங்கையால் பிடுங்கினாள். முடிக்கற்றை ஒன்று எலிவால் மாதிரி நீண்டு அதனோடு வந்தது. நுனியில் சோப்புக் கசடு கொழகொழவென்று தொங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு, முடியைத் தரையில் பரப்பி, விரலால் கிளறிப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை. வெறும் அழுக்கு.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

பின்வாசலில் நாத்தனார் நின்றாள். ஒரு கையில் பினாயில் பாட்டில், மறுகையில் துடைப்பம்.

"நாலு மணிக்கு அண்ணனைக் கொண்டு வந்துடுவாங்க. ஆளுங்க வர்ற நேரம். இந்த நாத்தத்துல யாரு நிப்பா? தள்ளுங்க, ஒரே ஊத்தா ஊத்திக் கழுவி விட்டுடறேன்."

"இப்ப வேணாம்."

"வேணாமா? நீங்களா சொல்றீங்க? தண்ணியையே கழுவிட்டுக் குடிக்கிற ஆளு!"

நாத்தனார் கேட்டதில் நியாயம் இருந்தது. இவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. ரத்தம், சீழ், மலம் என்று பட்ட துணிகளைப் பிரித்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இரட்டைக் கிளவுஸ். வீட்டுக்கு வந்ததும் முழங்கைவரை மூன்று முறை சோப்பு. சம்பளம் வாங்கிக்கொண்டு அருவருப்புப் படுவதே போதும், வீட்டில் ஓசிக்கு வேறு எதற்கு என்பாள்.

ஆனால் வீட்டில் அவர் இருந்தார்.

முப்பது வருடம் பஸ் ஓட்டி, ரோட்டையே பார்த்த கண் அவருடையது. ரிட்டயரான மறுநாளிலிருந்து அது தரையைப் பார்க்கத் தொடங்கியது. மகள் பள்ளிக்கூட நாளில் வைத்திருந்த பூதக்கண்ணாடி ஒன்று கிடைத்துவிட்டது. அதன் பிறகு கேட்க வேண்டுமா? "வண்டி ஓட்டின மனுஷன் இப்ப ஈ ஓட்டறாரு" என்று எதிர்வீட்டு டெய்லர் கிண்டலடித்தபோது, "ஓட்டல, பாக்கறேன்" என்றார். "எப்பப் பாத்தாலும் கையைத் தேய்ச்சுக் கழுவிக்கிட்டே இருக்குது. அசல் என் வீட்டுக்காரிதான்."

அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

நாளைக்கு மூன்று தடவையாவது அந்தக் குரல் வரும். "இந்தா, வந்து பாரேன்." ஆரம்பத்தில் ஏமாந்து போயிருக்கிறாள். எவர்சில்வர் டப்பாவுக்குள் பூசணம் பூத்த ரொட்டி. "நாலு கலர் பாரேன், எந்தச் சேலைல இந்தப் பச்சை இருக்கு?" கதவிடுக்கில் நசுங்கிய பல்லி; அதன் கண்ணை மட்டும் தனியாகத் தூக்கிப்போகும் எறும்புகள். கடைசியாக ஒரு தீப்பெட்டி. திறந்தால் அவளுடைய முழங்கால் காயத்திலிருந்து உதிர்ந்த பொருக்கு. "உன்னுதுதான். வெளிச்சத்துல பிடிச்சுப் பாரேன், தேன் மாதிரி இருக்கு." அன்றைக்கு வாந்தி எடுத்தவள்தான். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டால் போவதே இல்லை.

இன்று காலையும் கூப்பிட்டார். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தா... வந்து பாரேன்."

"அந்தக் கண்றாவியை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!"

சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். எட்டு மணிக்கு, தெருவரை தண்ணீர் ஓடுகிறதே என்று குழாயை மூட வந்த டெய்லர்தான் அவரைப் பார்த்திருக்கிறார். தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்திருக்கிறார். மாரடைப்பு.

"வலிக்குதுன்னு கூப்பிட்டாராம்மா?" என்று டாக்டர் கேட்டபோது மகள் பக்கத்தில் நின்றாள்.

"இல்ல சார். கூப்பிடல."

அந்த "இல்ல" எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. காலையிலிருந்து அந்தக் குரலைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள். எப்போதும் போலத்தான் இருந்தது. இல்லை, கொஞ்சம் தாழ்ந்திருந்ததோ? "இந்தா"வுக்கும் "வந்து பாரேன்"னுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டாரே, அது என்ன?

அதனால்தான் தேடுகிறாள். இங்கே புதிதாக ஒரு கண்றாவி இருந்தாக வேண்டும். இருந்தால், அவர் கூப்பிட்டது அதைப் பார்க்க. இல்லாவிட்டால், அவர் கூப்பிட்டது வேறு எதற்கோ.

"முன்பக்கம் நாற்காலி வந்துடுச்சான்னு பாரு" என்று நாத்தனாரை அனுப்பினாள். அவள் பாட்டிலைப் படியில் வைத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

மக்குகிற குப்பை போடும் வாளியின் மூடியைத் திறந்தாள். வெப்பமாக ஒரு நாற்றம் முகத்தில் அடித்தது. வெள்ளைப் புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, கொதிப்பது மாதிரி நெளிந்தன. இது போன மாதத்தது. இதற்குக் கூப்பிட்டாயிற்று, அவள் திட்டியுமாயிற்று. எலிப்பொறி காலி. கழுவும் தொட்டிக்கு அடியில் இரண்டு பாட்டில்கள். ஒன்றில் கலங்கிய நீரும் கொசுக்குஞ்சும், மற்றதில் செத்த கரப்பான். இரண்டின் மேலும் தேதி ஒட்டியிருந்தது. இரண்டும் பழசு.

வேறு ஒன்றும் இல்லை.

பிறகுதான் அவர் கிடந்த இடம் ஞாபகம் வந்தது. விழுந்துதான் கிடந்தாரா, படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாரா?

டிரம்மின் பக்கத்தில் தரை இன்னும் ஈரமாக இருந்தது. பாசி, சோற்றுப்பருக்கை, யாருடையதோ செருப்புத் தடம். கட்டியிருந்தது நல்ல சேலை. முட்டி போட்டாள். முழங்கையை ஊன்றினாள். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைத் தரையில் வைத்தாள். வழவழவென்று குளிர்ந்தது, உடம்பே சுருங்கியது. கண்ணைத் திறந்தாள்.

டிரம்மைத் தாங்கிய பலகை உளுத்துப்போயிருந்தது. அதிலிருந்து சுவரில் ஏறியிருந்தது அது. நாய் கக்கி வைத்த மாதிரி மஞ்சளாக, ஈரமாக, பூசணம் போல ஒரு படலம். தொட்டால் ஒட்டும் போலிருந்தது. வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன் ஊறுகிற எச்சில். இருந்தும் தலையைத் தூக்கவில்லை. படலத்தின் விளிம்பு நரம்பு நரம்பாகப் பிரிந்து விசிறி போல விரிந்திருந்தது. வேர் இல்லை, கால் இல்லை.

அதன் மேலும் கீழுமாகச் சுவரில் நீலக்கோடுகள். டெய்லரிடம் வாங்கிய நீலச் சாக்பீஸ் துண்டு சுவரோரம் கிடந்தது. ஒவ்வொரு கோடும் அந்தந்த நேரத்து விளிம்பைச் சுற்றிப் போட்டது. பக்கத்தில் பொடி எழுத்தில்: 5.30. 6.00. 6.30. கோட்டுக்குக் கோடு விரல் நகத்தில் பாதி உயரம்.

நகர்கிறது. இந்த வாந்தி, சுவரில் ஏறி எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

நாலாவது கோடும் இருந்தது. இடது ஓரத்தில் சுத்தமாகத் தொடங்கி, பாதி வளைந்து, பிறகு நேராகத் தரைக்கு இறங்கியிருந்தது. பக்கத்தில் நேரம் எழுதியிருக்கவில்லை.

கோடு வளைந்த இடத்தையும் இறங்கிய இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்த இடத்தில் கூப்பிட்டார் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

படலம் அந்தக் கோட்டையும் தாண்டி மேலே போயிருந்தது. எவ்வளவு என்று கையை வைத்துப் பார்த்தாள். நாலு விரற்கடை. சுண்டுவிரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. அவள் துடைக்கவில்லை.

"அம்மா! வண்டி வந்துடுச்சு. எங்கம்மா இருக்கே?" மகள் பின்வாசலுக்கு வந்து, அப்படியே நின்றாள். "ஐயோ, என்னாச்சும்மா? விழுந்துட்டியா?"

"இல்ல. படுத்திருக்கேன்."

"இந்தச் சேத்துலயா? எந்திரிம்மா, அத்தை பாத்தா பைத்தியம்னு சொல்வாங்க."

"காலைல அப்பா கூப்பிட்டாருடி."

முன்பக்கம் வண்டிக் கதவு திறக்கும் சத்தமும் நாத்தனாரின் அழுகையும் ஒன்றாகக் கேட்டன.

"கூப்பிட்டாரு. நான் போகல."

மகள் மெல்லக் கேட்டாள். "எதுக்குக் கூப்பிட்டாரு?"

"தெரியல."

மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

அவள் ஈரத்தரையிலேயே கொஞ்சம் நகர்ந்து படுத்து, பக்கத்தில் இடம் விட்டாள்.