பச்சைத் தளமும் நீலத் தளமும்

ஸ்ம்ருதியைக் கண்டாலே செம்மொழிக்குப் பற்றிக்கொண்டு வரும். தஞ்சாவூரின் அந்தத் தனியார் கல்லூரித் தாவரவியல் துறையில் பதினோரு வருஷமாக மாரடிக்கிறவள் செம்மொழி. ஸ்ம்ருதி வந்து முழுசாக இரண்டு வருஷம் ஆகவில்லை. அதற்குள் முதல்வர் அறையில் அவளுக்குக் காபி, கருத்தரங்கு மேடையில் நாற்காலி. செம்மொழிக்கு? வருகைப் பதிவேடும் தேர்வு மேற்பார்வையும். நியாயமா இது?

இந்த வருஷம் ஓர் இணைப் பேராசிரியர் இடம் காலி. அரசு நிதியில் ஆராய்ச்சித் திட்டம் வாங்கியவருக்கே அது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. விண்ணப்பிக்க இரண்டு அரசு இணையதளங்கள் இருந்தன. நிறத்தை வைத்துத் துறையில் பச்சை, நீலம் என்றே பேச்சு. ஒரு கல்லூரிக்கு ஒவ்வொன்றிலும் ஒரே விண்ணப்பம்தான். முதல்வர் செம்மொழியைக் கூப்பிட்டு, "ரெண்டையும் பார்த்து எது எப்படின்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க மேடம்" என்றார்.

பார்த்தாள். பச்சை தங்கமான தளம். அடிக்க அடிக்கத் தானே சேமித்துக்கொள்ளும், எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஏற்றிவிடலாம். நீலமோ பிராணனை வாங்கியது. பதினைந்து நிமிஷத்துக்கு ஒருதரம் வெளியே தள்ளிவிடும், அடித்ததெல்லாம் அம்போ. கோப்பு ஒரு எம்.பி.யைத் தாண்டினால் வாங்காது. உதவி எண்ணில் மணி அடிக்கும், எடுக்க ஆளிருக்காது.

செம்மொழி அதை அப்படியே தலைகீழாக எழுதினாள். கை கூசவே இல்லை.

"நீலம் ரொம்ப சுலபம் ஸ்ம்ருதி. நீ புதுசு, அதுல போட்டுடு. பச்சையோட நான் மல்லுக்கட்டிக்கறேன்."

"எனக்காக இவ்ளோ பார்த்தீங்களாக்கா!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் ஸ்ம்ருதி.

உவர் மண்ணில் குறுவை நெல் பற்றிய தன் விண்ணப்பத்தைச் செம்மொழி ஒரே மத்தியானத்தில் அனுப்பிவிட்டாள். ஸ்ம்ருதி மட்டும் தினமும் கணினி முன்னால் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்கச் செம்மொழிக்குக் குளுகுளுவென்று இருந்தது. நன்றாக வேண்டும்!

நடவு முடிந்த சமயம் முடிவு வந்தது. பச்சையில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் போட்டிருந்தார்கள், தேர்வு இருபது. செம்மொழி பெயர் இல்லை. நீலத்தில் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் ஒன்பதே பேர், தேர்வு ஆறு. ஸ்ம்ருதி மூன்றாவது. கோரைக்காம்! களையெடுக்கிற பெண்கள் பிடுங்கி எறிகிற கோரையை ஆராய அரசாங்கம் நிதி கொடுக்கிறதாம்! இணைப் பேராசிரியர் நாற்காலியும் அவளோடு போயிற்று.

மறுநாள் ஸ்ம்ருதி இனிப்புப் பெட்டியோடு நேராகச் செம்மொழியின் மேஜைக்குத்தான் வந்தாள்.

"முதல்ல உங்களுக்குத்தாங்க்கா."

"எத்தனை நாள் ஆச்சு உனக்கு, அதை முடிக்க?" தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டாள் செம்மொழி.

"பத்தொன்பது நாள். நாலு தடவை விட்டுடலாம்னு அழுதேன். வேற யார் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். செம்மொழி அக்கா சுலபம்னு சொன்னாங்களே, தப்பு நம்மகிட்டதான் இருக்கும்னு நெனச்சு நெனச்சு திரும்ப உள்ள போனேன்."

செம்மொழி ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

"நல்ல தளம்தாம்மா அது" என்றாள்.