அண்ணி தினமும் கேட்கும் மன்னிப்பு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, திருடியது. அண்ணி சமையலறையில் அழுதது கூடத்தில் எனக்குக் கேட்டது. போய் ஆறுதல் சொல்லாமல் பேனாவைத் தேடினேன்.

2

'நினைவு என்பது ஒரு நதி. அதன் கரையில் மனிதன்...'

(அடித்துவிட்டேன். படித்துக் காட்டியபோது அண்ணி சொன்னது: "உங்க அண்ணனுக்கு நேத்து நடந்ததே தெரியல. நீங்க ஆத்துல குளிச்சிட்டு இருக்கீங்க தம்பி.")

3

நடந்தது இவ்வளவுதான். அண்ணன் முடிதிருத்துபவர். மூன்று வருடங்களுக்கு முன், கடை நிறைய ஆள் இருக்கும்போது அண்ணி, "இந்தக் கையால ஒண்ணும் உருப்படாது" என்று சொல்லிவிட்டார். அண்ணன் அவரோடு பேச்சை நிறுத்தினார். ஐந்தாம் நாள் மூளைக் காய்ச்சல். பிழைத்தார். ஆனால் அதற்குப் பின் நடப்பது எதுவும் தலையில் தங்குவதில்லை. முந்தையது எதுவும் போகவுமில்லை, கோபம் உட்பட.

ஆகவே தினமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து, அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பார். அண்ணன் ஒருவழியாக இளகி, "சரி, விடு" என்பார். டீ ஆறுவதற்குள் மறுபடி முறைப்பார்.

'இவளை மன்னித்துவிட்டேன்' என்று அவரையே எழுதவைத்துச் சுவரில் ஒட்டினேன். என் யோசனை, அதனால் பெருமை. மறுநாள் அதைப் படித்தவர், "கெட்டிக்காரி. என் கையெழுத்தையே போட்டிருக்கா" என்றார். கோபம் இரண்டாயிற்று.

4

முடிவு அ: அண்ணனுக்கு எல்லாம் நினைவில் நிற்கத் தொடங்குகிறது. (டாக்டர் சிரித்தார்.)

முடிவு ஆ: சலித்துப்போன அண்ணி ஒருநாள் பெட்டியை...

(அந்த நேரம் பார்த்து எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். வெட்கமாகிவிட்டது.)

எப்படி முடிக்கலாம் என்று அவரிடமே கேட்டேன்.

"ஒரே ஒரு நாள், நான் கேக்கறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். அது போதும்."

5

இன்று காலை நானும் அறையில் இருந்தேன். அண்ணன் சுவரை முறைத்தபடி படுத்திருந்தார். அண்ணி வந்து உட்கார்ந்தார், இன்னும் வாய் திறக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து அண்ணனின் வலது கை வந்து, அண்ணியின் மடியில் மல்லாந்து கிடந்தது.

"கைய எதுக்கு நீட்டினீங்க?"

வாடிக்கையாளர் விட்டுப்போன குடையைப் பார்ப்பதுபோல் அண்ணன் அதைப் பார்த்தார். "தெரியல. உன்கூட நான் பேசறதில்ல."

கையை எடுக்கவில்லை.*

அண்ணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, இது அந்த நாள்தானே?"

ஊருக்கெல்லாம் உபதேசம் எழுதுகிற நான் அந்தக் கேள்வியை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். நீங்கள் சொல்லுங்கள். நதி, கரை எதுவும் வேண்டாம். ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று. அண்ணி அந்தக் கையை விடாமல் காத்திருக்கிறார்.

* தலை மறந்தாலும் கை பழகும், அதற்கு மூளையில் வேறு வழி என்கிறார் டாக்டர். அப்படியானால் அது மன்னிப்பா என்று கேட்டேன். அது தன் துறை இல்லையாம்.